தொட்ட இடத்தில் தேடுங்கள்

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு சிந்தனையின் எழுத்து வடிவம்)



இன்றைய சிந்தனைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு கார். வீட்டு வாசலிலேயே என்ஜின் வேலை பார்த்து முடித்து, சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கிற கார். "ஃபாதர் என்ன, கோயிலை விட்டுவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டாரா?" என்று சிலர் சிரிக்கலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர் தொழிற்பேட்டையிலும் ஷிப்ட் முடித்து வீடு திரும்புகிறவர்கள் சிரிக்கமாட்டார்கள். ஸ்பேனர் பிடித்த கைகள் அவை. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கிடைத்தால், அந்த ஒரு நாளிலும் வீட்டில் எதையாவது கழற்றிப் பார்க்கிற கைகள்.

நம் மாவட்டத்துக்கும் காருக்கும் உறவு உண்டு. திருவள்ளூருக்குப் பக்கத்திலிருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையிலிருந்து 1998-இல் மிட்சுபிஷி லேன்சர் வெளிவரத் தொடங்கியது. அதே நிறுவனம் வங்காளத்தின் உத்தர்பாராவில் அம்பாசிடர் செய்துகொண்டிருந்தது. அம்பாசிடரைப் புளியமரத்து நிழலில் கழற்றிப் பூட்டலாம். ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஓர் உப்புத்தாளும் போதும் என்பார்கள். லேன்சர் வேறு வகை. கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர், அதற்குக் கட்டளையிட ஒரு கம்ப்யூட்டர், செய்தி சொல்லப் பல சென்சார்கள். இன்றைக்கு நம் தெருக்களில் நிற்கும் பெரும்பாலான கார்கள் இந்த இரண்டாம் வகைதான். கழற்றும் கை அதே கை; தேடும் முறை மட்டும் மாறியாக வேண்டும்.

நம் பகுதியில் எந்தத் தெருவிலும் இருக்கக்கூடிய ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவருக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குச் சென்னை போய்வர வேண்டும். அதற்கென்றே ஒரு பழைய பெட்ரோல் கார் இருக்கிறது. டைமிங் பெல்ட் மாற்றும் காலம் தாண்டிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் கேட்ட கூலி அதிகமாகத் தெரிகிறது. மகன் சிப்காட்டில் ஃபிட்டர், மருமகனும் கைவேலை தெரிந்தவர். செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டே சனி, ஞாயிறு இரண்டு நாளில் பெல்ட்டையும் பிளக்குகளையும் மாற்றி முடிக்கிறார்கள். ஞாயிறு மாலை சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. மறுபடி திருப்புகிறார்கள், மறுபடியும். பேட்டரி இறங்கிப்போகிறது. "பேட்டரிதான் போச்சு" என்று புதுப் பேட்டரி வருகிறது. அதற்கும் ஸ்டார்ட் ஆகவில்லை. புதுப்பேட்டையில் ஒரு பழைய காயில் வாங்கி மாட்டுகிறார்கள். பிறகு பெட்ரோல் பம்ப்பின் மேல் சந்தேகம் வருகிறது. இரவு பத்து மணிக்கு, "மச்சான், பெல்ட்டைப் பிடிச்சது நீங்கதானே?" என்று ஒரு வார்த்தை விழுகிறது. அதோடு வீடே இரண்டாகிறது. காலையில் பெரியவர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அங்கே நின்றுபோனது கார் மட்டுமா? பணம் போகிறது, தூக்கம் போகிறது. தங்கையின் புருஷனுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையும் போகிறது. ஆகவே, இந்த நிலையில் ஒருவர் என்ன செய்யலாம் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் வேலை காரில் இல்லை. பெரியவர் நாளைக்குப் போவதற்கு வேறு வண்டி பேசிவிடுங்கள். வாடகைக் காரோ, பக்கத்து வீட்டுக்காரர் வண்டியோ, எதுவானாலும் சரி. காலையில் நோயாளி போயாக வேண்டும் என்ற அவசரம் தலைமேல் இருக்கும்வரை எந்தக் கையும் நிதானமாகப் போல்ட் முடுக்காது. நோயாளியின் நேரத்தையும் காரின் பழுதையும் முதலில் பிரித்துவையுங்கள்.

இரண்டாவது, சாவியை எடுத்துவிட்டு உட்காருங்கள். சனிக்கிழமை காலையில் இந்தக் கார் ஓடியது. ஞாயிறு மாலை ஓடவில்லை. நடுவில் நடந்தது என்ன? உங்கள் கை மட்டும்தான் நடுவில் போனது. அப்படியானால் பழுது நீங்கள் தொட்ட இடத்திலோ, தொடுவதற்காக வழியில் நகர்த்திய இடத்திலோதான் இருக்க அதிக வாய்ப்பு. இரண்டு நாளில் பெட்ரோல் பம்ப்பும் காயிலும் தாமாகச் சேர்ந்து கெட்டுப்போவது மிக அரிது. புதுச் சாமான் வாங்கக் கடைக்குப் போகுமுன், ஒரு தாளில் நீங்கள் கழற்றியதையெல்லாம் வரிசையாக எழுதுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டி, அதன் குழாய், பேட்டரி ஒயர், என்ஜின் மவுண்ட், புல்லி, பெல்ட் மூடி, கனெக்டர்கள், பிளக் ஒயர்கள் என்று ஒன்று விடாமல் எழுதி, கடைசியில் பூட்டியதிலிருந்து முதலில் கழற்றியது வரை பின்னோக்கிப் பாருங்கள்.

தொழிற்சாலையில் இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு மெஷின் நின்றால் நீங்கள் முதலில் கேட்பது, "போன ஷிப்ட்டில் யார், என்ன வேலை பார்த்தார்கள்?" என்பதுதான். லாக் புத்தகத்தைப் புரட்டுவீர்கள். மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டுப் போட்டு, அட்டை தொங்கவிட்டுத்தான் கையை உள்ளே விடுவீர்கள். அந்த ஒழுங்கைக் கம்பெனி கேட்டிலேயே சட்டையோடு கழற்றி வைத்துவிட்டு வருகிறோமே, ஏன்? வீட்டில் கேட்க ஆள் இல்லை என்பதால்தானே?

மூன்றாவது, கார் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். "ஸ்டார்ட் ஆகவில்லை" என்ற ஒரே வார்த்தைக்குள் மூன்று வேறு நிலைகள் இருக்கின்றன.

ஒன்று, சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை, அல்லது 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும். இது பேட்டரி, ஒயர், செல்ஃப் மோட்டார் சம்பந்தப்பட்டது. நிறைந்த பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே இறங்கினால் அது கிட்டத்தட்டக் காலி. பேட்டரி நன்றாக இருந்தால் டெர்மினல் இறுக்கமா என்று பாருங்கள். என்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை ஒன்று உண்டு. மவுண்ட்டைக் கழற்றும்போது அதை அவிழ்த்துவிட்டு, திரும்ப மாட்ட மறந்துபோவது அடிக்கடி நடப்பது. செல்ஃப் மோட்டாருக்குப் போகும் சின்ன ஒயரையும் பாருங்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியானால் லீவர் பார்க்கிங்கிலோ நியூட்ரலிலோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது நிலை, செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாக, தடையே இல்லாமல், தாளமின்றி 'விர்'ரென்று சுற்றுகிறது. நல்ல என்ஜின் சுற்றும்போது ஒரு தாளம் கேட்கும். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அமுக்கும்போது வரும் தடைதான் அந்தத் தாளம். தாளம் இல்லையென்றால் அமுக்கம் இல்லை. வால்வுகள் மூட வேண்டிய நேரத்தில் மூடவில்லை. பெல்ட் மாற்றிய பிறகு இந்தச் சத்தம் கேட்டால் உடனே சாவியை எடுத்துவிடுங்கள். பல என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தை முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. முறை தவறினால் இரண்டும் மோதும், வால்வு வளையும். இன்னொரு முறை திருப்பிப் பார்க்கலாமே என்ற ஆசை, சில நூறு ரூபாயில் முடிகிற வேலையைச் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும் வேலையாக்கிவிடும்.

மூன்றாவது நிலை, தாளம் சரியாகக் கேட்கிறது, ஆனால் என்ஜின் பிடிக்கவில்லை. நம் கதையில் வருகிற வீட்டில் நடந்தது இதுதான். பெட்ரோல் என்ஜினுக்கு வேண்டியவை அளவான பெட்ரோலும் காற்றும், தீப்பொறி, அமுக்கம். 1876-இல் ஜெர்மனியில் நிக்கோலஸ் ஓட்டோ செய்த நான்கு வீச்சு என்ஜினுக்கும் எரிபொருளும் காற்றும், பற்றவைக்கும் நெருப்பும், அமுக்கமும் வேண்டியிருந்தன. இவை எல்லாம் சரியான நேரத்தில் சேரவும் வேண்டும்.

எளிதானதிலிருந்து தொடங்குவோம். சாவியை 'ஆன்' நிலையில் வையுங்கள். டேஷ்போர்டில் என்ஜின் விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் கம்ப்யூட்டருக்கே மின்சாரம் போகவில்லை. ஃபியூஸையும் எர்த்தையும் பாருங்கள். சாவிப் படம் போட்ட விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால், திருட்டுத் தடுப்புக் கருவி உங்கள் சாவியை ஏற்கவில்லை. அடுத்து, பின் சீட் பக்கம் காதை வையுங்கள். பெரும்பாலான கார்களில் சாவி போட்டதும் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி முனகிவிட்டு நிற்கும். முனகல் கேட்டால் பம்ப்பைத் திட்டாதீர்கள். இனி ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும், இன்னொருவர் ஆர்.பி.எம். முள்ளைப் பார்க்கட்டும். பல வண்டிகளில் செல்ஃப் சுற்றும்போது அந்த முள் கொஞ்சம் அசையும். அசையவே இல்லையென்றால், கிராங்க் சென்சாரின் செய்தி கம்ப்யூட்டருக்குப் போகாமல் இருக்கலாம். அந்தச் செய்தி இல்லாமல் கம்ப்யூட்டர் பொறியும் தராது, பெட்ரோலும் தராது. என்ஜின் சுற்றுகிறது என்பதே அதற்குத் தெரியாது. பெல்ட் வேலை நடந்த பக்கத்தில் எந்தக் கனெக்டராவது 'கிளிக்' சத்தம் வரும்வரை அழுத்தப்படாமல் பாதியில் நிற்கிறதா, ஒயர் எதற்காவது நடுவில் நசுங்கியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். காற்றுக் குழாய் மாட்டப்பட்டிருக்கிறதா? தூசி விழாமல் இருக்கக் காற்று வாயில் செருகிய துணி இன்னும் உள்ளேயே இருக்கிறதா? சிரிக்காதீர்கள், அப்படியும் நடக்கும்.

பிளக் ஒயர் உள்ள வண்டியானால் ஒயர்களின் வரிசையைப் பாருங்கள். நான்கு சிலிண்டர் கார்களில் பெரும்பாலானவை 1, 3, 4, 2 என்ற வரிசையில் எரிபவை. இரண்டு ஒயர் இடம் மாறினால் பின்புறமோ காற்று வாயிலோ 'பட்' என்று வெடிக்கும். பொறி இருக்கிறதா என்று பார்க்க ஒயரைக் கையில் பிடிக்காதீர்கள். அதில் பல்லாயிரம் வோல்ட் ஓடுகிறது. பக்கத்தில் பெட்ரோல் ஆவியும் இருக்கிறது. அதற்கென்று விற்கும் டெஸ்டர் மலிவு, அதைப் பயன்படுத்துங்கள். நிறைய முறை செல்ஃப் அடித்திருந்தால் பிளக் பெட்ரோலில் நனைந்திருக்கும். கழற்றிக் காயவைத்தாலே சில வண்டிகள் பிடித்துவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால், பெல்ட் மூடியை மீண்டும் திறக்கத்தான் வேண்டும். யாருக்கும் மனம் வராத வேலை இது. பூட்டியதை மறுபடி கழற்றுவதா? கழற்றுங்கள். கிராங்க் சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். அதனால்தான் கேம் சக்கரத்தில் பற்கள் இரண்டு மடங்கு. கிராங்க் சக்கரத்தில் 24 பற்கள் இருந்தால் ஒரு பல் தவறினாலும் 15 பாகை தவறிவிடும். பிளக்குகளை எடுத்துவிட்டு, ஸ்பேனரால் கிராங்க் போல்ட்டைப் பிடித்து, என்ஜின் வழக்கமாகச் சுற்றும் திசையில் கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகள் எல்லாம் மறுபடி நேருக்கு நேர் வந்து நிற்கின்றனவா என்று பாருங்கள். நடுவில் எங்காவது இடித்தால் அங்கேயே நிறுத்துங்கள், பலம் கொடுக்காதீர்கள். சாவியைத் தொடுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய சோதனை இது. பத்து நிமிட வேலை. இனி பெல்ட் மாற்றப் போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டீசலில் பிளக் பொறி கிடையாது. அமுக்கத்தின் சூட்டிலேயே எரிகிறது. டீசல் ஃபில்டர் மாற்றிய பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், பெரும்பாலும் குழாயில் காற்று புகுந்திருக்கும். கைப்பம்ப்பை அடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஆனால் இன்றைய டீசல் என்ஜின்களில் இன்ஜெக்டர் குழாயின் அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகும் அளவுக்குக் கடுமையானது. அந்தப் பக்கம் கை வைக்காதீர்கள்.

எல்லாருக்கும் பொதுவான எச்சரிக்கைகள் சில. செல்ஃபைப் பத்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். பெட்ரோல் வாடை வந்தால் வேலையை நிறுத்துங்கள். பீடி, சிகரெட் அந்தப் பக்கமே வேண்டாம். ஸ்டார்ட் ஆன சந்தோஷத்தில் மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிடாதீர்கள். அந்தப் புகையில் வாசனையே இல்லாத ஒரு நஞ்சு இருக்கிறது. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

அன்பார்ந்தவர்களே, 1888 ஆகஸ்ட் மாதம் ஜெர்மனியின் மான்ஹைம் நகரிலிருந்து பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி, தம் கணவர் கார்ல் பென்ஸ் செய்த காரில் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு, 100 கிலோமீட்டருக்கு மேல் தொலைவிலிருந்த தம் தாய்வீட்டுக்குப் போனார். உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணமாக அதைச் சொல்கிறார்கள். வழியில் வண்டி பலமுறை நின்றது. எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பியில் செருகும் ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். மின்கம்பி உராய்ந்தபோது காலுறைப் பட்டியைச் சுற்றிக் காப்பிட்டார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைத்துக்கொண்டார். அவரிடம் உதிரிப்பாகக் கடை இல்லை, செல்போன் இல்லை. எங்கே கோளாறு என்று கண்டுபிடித்த பிறகே கை வைத்தார். நம் வீட்டில் நடந்தது தலைகீழ். கை வைத்துக்கொண்டே இருந்தார்கள், கண்டுபிடிக்கத்தான் இல்லை.

குருமடத்தில் நாங்கள் படித்த புனித தாமஸ் அக்குவினாஸ், விவேகம் என்ற நற்பண்பை எட்டுக் கூறுகளாகப் பிரிக்கிறார். அதில் முதலாவது நினைவு. என்ன நடந்தது என்பதை உள்ளபடி நினைத்துப் பார்ப்பது. நமக்கு வசதியானபடி நினைத்துக்கொள்வது நினைவு ஆகாது. "நான் கனெக்டரைச் சரியாகத்தான் போட்டேன்" என்று சொல்லும்போது, போட்டது ஞாபகமா, போட்டிருப்பேன் என்ற நம்பிக்கையா? இன்னொரு கூறு, பிறரிடம் கற்றுக்கொள்ளும் மனம். எந்த மனிதனும் எல்லாவற்றையும் தானே கண்டுகொள்ள முடியாது, தெரிந்தவர் சொல்லைக் கேட்க வேண்டும் என்கிறார். அந்தப் பெரிய இறையியலாளர் என்ஜினைப் பார்த்ததில்லை. ஆனால் மனிதரைப் பார்த்திருக்கிறார்.

லூக்கா நற்செய்தியில் ஒரு காசைத் தொலைத்த பெண்ணின் உவமை வருகிறது. அவர் விளக்கு ஏற்றுகிறார், வீட்டைப் பெருக்குகிறார், கிடைக்கும்வரை கவனமாகத் தேடுகிறார். யார் தொலைத்தது என்று விசாரணை நடத்தவில்லை. புதுக் காசு வாங்கவும் போகவில்லை. கிடைத்தபின் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு மகிழ்கிறார். பழுது பார்ப்பதற்கு இதைவிட நல்ல வழிமுறை எனக்குத் தெரியவில்லை.

ஆகவே "யார் செய்தது?" என்ற கேள்வியை அன்றிரவு கேட்காதீர்கள். "என்ன செய்தோம்?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு ஆளாளுக்கு மறைப்பார்கள். மறைத்தால் பழுது கிடைக்காது. இரண்டாவது கேள்விக்கு மச்சானே, "அந்தச் சென்சார் ஒயரை நான் ஒதுக்கி வைத்தேன், திரும்பப் போட்டேனா தெரியவில்லை" என்பார். அந்த ஒரு வாக்கியம் போதும், கார் ஸ்டார்ட் ஆகிவிடும். அவர் அதைப் பயமில்லாமல் சொல்லும்படியாக நம் வீடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாம் பார்த்தும் முடியவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அதில் அவமானம் இல்லை. ஆனால் அவரிடம் "சும்மாதான் நின்றது, திடீரென்று ஸ்டார்ட் ஆகவில்லை" என்று சொல்லாதீர்கள். நீங்கள் எழுதிய தாளை அப்படியே அவர் கையில் கொடுங்கள். "பெல்ட் நாங்களே மாற்றினோம், இத்தனை முறை செல்ஃப் அடித்தோம், இடையில் காயிலும் மாற்றினோம்" என்று சொல்லுங்கள். மருத்துவரிடம் மறைத்தால் தவறான மருந்து வரும். மெக்கானிக்கிடம் மறைத்தால் கூலி இரட்டிக்கும். உள்ளதைச் சொல்கிறவருக்குத்தான் சீக்கிரம் உதவி கிடைக்கும்.

வண்டியின் கண்ணாடிக்கு முன்னால் புனித கிறிஸ்தோபர் படம் வைத்திருப்பீர்கள். நல்லது. வழித்துணையாக வருவார், பெல்ட்டின் பல்லை எண்ணித் தரமாட்டார். அதற்குக் கண்ணும் கையும் பொறுமையும் ஆண்டவர் நமக்கே கொடுத்திருக்கிறார்.

இந்த வாரம் வீட்டில் ஏதாவது நின்றுபோனால், அது காரோ, தண்ணீர் மோட்டாரோ, இருவருக்கு இடையிலான பேச்சோ, கடைசியாக நாம் தொட்டது எது என்று அமைதியாக யோசிப்போம். அங்கிருந்து தேடத் தொடங்குவோம். தேடும் பொறுமையை இறைவன் உங்களுக்கும் உங்கள் குடும்பத்தாருக்கும் தந்து காப்பாராக.